கழுவிவிட்டுக் காட்டுங்கள்

வீடியோவில் வைத்தியம் பார்க்கும் கிளினிக்கில் நர்ஸுக்கு இரண்டே வேலை: டாக்டர் தொடச் சொன்ன இடத்தைத் தொடுவது, நெட் போனால் திட்டு வாங்குவது. என்னைப் போலவே அல்லாடும் சக நர்ஸ்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் டாக்டர் இருப்பது விருதுநகரில். நான் இருப்பது நாரணாபுரம் பக்கம், பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவில்.

கேட்டில் ஒரு நோயாளி

முத்துமாரிக்கு மூச்சிழுப்பு. பட்டாசுக் கம்பெனியில் அலுமினியப் பவுடர் சலிக்கும் வேலை. மாத்திரை கேட்கிறதா என்று விசாரிக்க டாக்டர் பகலில் அவளுக்குப் போன் போட்டார். ஒரு பொறி போதும் என்பதால் கம்பெனிக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. எல்லார் போனும் கேட்டில் வாட்ச்மேனிடம்தான் இருக்கும். அவரே எடுத்து, டாக்டர் கேட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தப் புள்ள உள்ள வேலையா இருக்கு. அது வர்ற வரைக்கும் என் மூட்டுவலிக்கு ஏதாச்சும் சொல்லுதீகளா, சார்?"

வெள்ளி நிறம்

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் முத்துமாரி அப்படியே ஓடிவந்து கேமரா முன்னால் உட்கார்ந்தாள். முகம், உதடு, நகம் எல்லாம் பவுடர். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிகூட எண் காட்ட மறுத்தது. டாக்டர் ஊருக்குப் புதுசு. "நிறமே சரியில்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று அங்கிருந்தே பதறினார். நானோ சிரிப்பை அடக்குவதிலேயே இருந்துவிட்டேன். முத்துமாரிதான் அவரைத் தேற்றினாள்: "பயப்படாதீக சார், சோப்புப் போட்டா போயிரும்."

சோப்புக்குப் போகாதது

தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம். கூட வேலை பார்க்கும் பெண்கள் முத்துமாரியைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். நெஞ்சு விசில் அடித்தது, பேச்சு வரவில்லை. மறுபடியும் அதே வெள்ளி முகம். திரையில் டாக்டர், இப்போது விவரம் தெரிந்தவர், "முதல்ல கழுவிட்டுக் காட்டுங்க சிஸ்டர்" என்று சிரித்தார். நெபுலைசரை முகத்தில் மாட்டிவிட்டு அவள் கையைக் கழுவினேன். பவுடர் போனது. நகத்தில் இருந்த நீலம் போகவில்லை.

பயந்துதான் போனேன். அந்த விரல்களைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். டாக்டர் சிரிப்பு நின்றது. "ஆக்சிஜனைப் போடுங்க. இப்ப நிஜமாவே ஆம்புலன்ஸ்."

மறு பரிசோதனை

முத்துமாரி பிழைத்து வந்தாள். கேட்கும் முன்பே கழுவிய கையைக் கேமராவில் காட்டினாள். இனிப் பவுடர் பக்கமே போகக் கூடாது, வேறு வேலை கேட்டு வாங்க வேண்டும், இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். "அத எங்க மொதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க சார். கேட்டுக்குப் போன் போட்டா வாட்ச்மேன் எடுப்பாரு."

டாக்டர் அன்றைக்கே போன் போட்டார். முத்துமாரி இன்னும் பவுடர்தான் சலிக்கிறாள், வாட்ச்மேனுக்கு மூட்டுவலி நன்றாகக் குறைந்திருக்கிறது.