பவரக்கா இருபத்தைந்து புத்தகம் படிக்கப் புறப்பட்ட கதை

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃப்ரேமில் பொருத்துகிறவளுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் பவரக்கா. எதிரே வருகிறவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற விதத்தை வைத்தே, "உங்களுக்குப் பவர் கூடியிருக்கு, ஒருதடவை வந்து காட்டிட்டுப் போங்க" என்று நடுத்தெருவில் மறித்துச் சொல்லிவிடுவாள். பாதி நேரம் அது சரியாக இருக்கும். மீதி நேரம் அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பார்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பதுதான் அவள் பிழைப்பு. "இந்த வரி தெரியுதா? இது? அதுக்குக் கீழ?" ஆனால் அவளாக ஒரு புத்தகத்தைத் திறந்தது பள்ளிக்கூடத்தோடு சரி. அதைப் பற்றி அவளுக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை, அந்த வருடம் ஜனவரி முதல் தேதி வரைக்கும்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு நாத்தனார் வந்திருந்தாள். கணவனின் ஒரே தங்கை. மருந்துக் கம்பெனிக் கிடங்கில் வேலை, ஊரின் மறுகோடியில் தனி வீடு, கல்யாணம் வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டவள். லிஃப்ட் வருவதற்குள் இரண்டு பக்கம் படித்துவிடுகிற ரகம். சாப்பிட்டு முடித்ததும், போன வருடம் நாற்பது புத்தகம் படித்ததாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"நாப்பதா! நான் பொறந்ததுலேருந்து நாப்பது பக்கம் படிச்சிருப்பேனா?" என்றான் பவரக்காவின் கணவன். குழாய் வேலைக்காரன். படிக்கத் தெரியாதவன் இல்லை, உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறவன்.

"நீங்க கடைசியா என்ன படிச்சீங்க அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். கேலியே இல்லை, வெள்ளந்தியாகத்தான் கேட்டாள்.

பவரக்கா உண்மையாகவே யோசித்தாள். "வாஷிங் மெஷினோட குடுத்தாங்களே ஒரு புத்தகம், அது."

"முழுசாவா?"

"பாதிதான். மீதி வேற பாஷையில இருந்துச்சு."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பவரக்காதான் அதிகம் சிரித்தாள். ஆனால் பாத்திரம் கழுவ நின்றபோது 'பாதிதான்' என்று தான் சொன்னது திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. ஈரக்கையோடு அப்படியே கூடத்துக்கு வந்தாள்.

"இந்த வருஷம் நான் இருபத்தஞ்சு புத்தகம் படிக்கப் போறேன்."

"யாரு? நீயா?" என்றான் கணவன்.

அந்த 'நீயா'தான் காரியத்தைக் கெடுத்தது. "ஆமா, நானேதான். படிக்கலன்னா அடுத்த வருஷம் முழுக்க ஞாயித்துக்கிழமைப் பாத்திரமெல்லாம் நான்தான் கழுவுவேன்."

"இப்பவும் நீங்கதானே அண்ணி கழுவுறீங்க?" என்றாள் நாத்தனார். "படிச்சிட்டீங்கன்னா அண்ணன் கழுவட்டும்."

அண்ணனுக்குப் புரையேறியது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. மறுநாளே பவரக்கா பஸ் நிறுத்தத்துக்கு மேலே மாடியில் இருந்த நூலகத்துக்குப் போனாள். அலமாரி அலமாரியாக நடந்து, ஒவ்வொரு புத்தகத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தாள். லென்ஸ் எவ்வளவு கனம் என்று பார்க்கிற அதே பிடி. மெலிந்ததெல்லாம் பைக்குள் போயிற்று. தேனீ வளர்ப்பு, கயிற்று முடிச்சுகள், பல் பாதுகாப்பு. பிப்ரவரி முடிவதற்குள் ஏழு புத்தகம் முடித்து, நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"ஏழு முடிச்சிட்டேன்!"

"அடேயப்பா! என்னென்ன?"

"தேனீ வளர்ப்பு..."

"தேனீ வளர்க்கப் போறீங்களா அண்ணி?"

"இல்ல."

"அப்ப எதுக்கு அது?"

"நாப்பத்தெட்டே பக்கம்."

அந்தப் பக்கம் சிரிப்பு ஒன்று இருமலாக மாறியது. பிறகு, "சரி, அதுல என்ன போட்டிருந்தது?" என்றாள் நாத்தனார்.

"தேனீ... தேன் சேர்க்கும்."

சொல்லி முடிப்பதற்குள் பவரக்காவுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஏழு புத்தகத்தின் எழுத்துகளும் கண்ணுக்குள் போயிருக்கின்றன, ஒன்றுகூட உள்ளே தங்கவில்லை. மழைத்தண்ணீர் தகரக் கூரையில் விழுந்து ஓடியது போல.

அடுத்த முறை போனபோது நூலகத்துப் பெண் அவளை நிறுத்தினாள். "ஒல்லியானதெல்லாம் தீர்ந்துபோச்சுங்க. இனிமே குண்டுதான் இருக்கு." அப்போதுதான் யாரோ திருப்பிக் கொடுத்திருந்த செங்கல் போன்ற ஒரு நாவலை எடுத்து நீட்டினாள். "இதைத் தூக்கிப் பாருங்க. பிடிக்கலன்னா நாளைக்கே கொண்டாந்து குடுத்துடுங்க."

மறுக்கக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் சும்மா திறந்தாள். ஆற்றில் படகு ஓட்டுகிற ஒருத்தி. அக்கரைக்குப் போக வேண்டும் என்று ஓர் ஆள் வந்து ஏறுகிறான். கையில் பெட்டி இல்லை, பை இல்லை. துணி போட்டு மூடிய கூண்டு ஒன்று மட்டும். உள்ளே என்ன என்று படகுக்காரி கேட்கிறாள். "அதை மட்டும் கேக்காதீங்க" என்கிறான். பவரக்கா நிமிர்ந்து பார்த்தபோது அவள் இறங்க வேண்டிய இடம் தாண்டி மூன்று நிறுத்தம் போயிருந்தது.

மறுநாள் அந்தச் செங்கல் கடைக்கும் வந்தது. லென்ஸ் வெட்டும் மேசைக்குக் கீழ் இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்துத்தான் புதுக் கண்ணாடி போட்டவர்கள் கிட்டத்தில் வைத்துப் படித்துப் பார்க்கிற அட்டையில் தேநீர் கொட்டியது. ஒரு விவசாயி சந்தைக்குப் போனதாக எழுதியிருக்கும், தெருவுக்கே மனப்பாடமான அட்டை அது. விவசாயி பழுப்பாகக் கரைந்துகொண்டிருந்த நேரத்தில் டவாலி உள்ளே வந்தார்.

கோர்ட் வாசலில் நின்று சாட்சிகளின் பெயரைக் கூவிக் கூப்பிடுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலை போயும் குரல் போகவில்லை. "என்னம்மா விலை?" என்று அவர் கேட்டால் எதிர்வரிசைக் கடைக்காரர் பதில் சொல்லுவார். முகத்தில் சிரிப்பு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது என்று பேச்சு. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்க அட்டை?" என்றார்.

பவரக்கா வேறு வழியில்லாமல் நாவலைத் திறந்து நீட்டினாள். "இதுல ஒரு நாலு வரி படிங்கய்யா."

அவர் கணீரென்று படித்தார். நாலு வரி முடிந்தது. பக்கமும் முடிந்தது. தானாகவே புரட்டினார்.

"கண்ணாடி சரியா இருக்குங்களாய்யா?"

"இரும்மா. இவன் என்னத்த மறைக்கிறான்னு பாப்போம்."

ஐந்து பக்கம் படித்துவிட்டுத்தான் போனார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். இடது கண்ணில் ஏதோ மங்கலாம். பவரக்கா துடைத்தாள், காதுப் பிடியை நெம்பிச் சரி செய்தாள், பவரையும் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை.

"எதுக்கும் அந்தப் புத்தகத்துலயே பாத்துடலாமே?" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "ஐம்பத்திரண்டாம் பக்கம்."

பவரக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முக்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்தக் குரல் கடைக்குள் அடங்குகிற குரலா? பக்கத்தில் பெண்களுக்கு முடி வெட்டுகிற கடை வைத்திருப்பவள் மூன்றாம் நாளே கத்தரிக்கோலும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். "எனக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கூண்டுல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க, போயிடுறேன்." யாருக்கும் தெரியாது என்றதும் அவளும் உட்கார்ந்துகொண்டாள். தலையில் பாதி சாயத்தோடு அவளுடைய வாடிக்கையாளர் ஒருத்தியும் கூடவே வந்தாள்.

முதலாளிக்கு மூக்கில் வேர்த்தது. உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இது கண்ணாடிக் கடையா, வாசகசாலையா?" என்று எகிறினார். "கூட்டம் என்னவோ சேருது, ஒருத்தராவது ஃப்ரேம் பாக்குறாங்களா?" சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் என்று பவரக்கா சமாதானம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள். அன்று மதியம் டவாலி படித்துக்கொண்டே வந்து, தண்ணீர் குடிக்க ஒரு முக்கியமான இடத்தில் நிறுத்தினார். தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

அதற்குப் பிறகு அவர் எகிறவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் முளைத்தது. ஒருநாள் டவாலிக்குக் காய்ச்சல், வரவில்லை. மறுநாள் வந்ததும், பவரக்கா வீட்டில் ஓர் அத்தியாயம் கூடுதலாகப் படித்துவிட்டது அவருக்குத் தெரிந்துபோயிற்று. கதையைச் சொல்லவில்லைதான், முகமே சொல்லிவிட்டது. மனிதர் வாடிப் போனார்.

"சேர்ந்து ஏறுன படகும்மா," என்றார். குரலை அவர் தாழ்த்தி யாரும் அதற்கு முன்பு கேட்டதில்லை. "நடு ஆத்துல விட்டுட்டு நீ மட்டும் அக்கரைக்குப் போயிட்டியே."

பவரக்காவுக்கு என்னவோ போலாகிவிட்டது. "இனிமே நீங்க இல்லாம ஒரு வரி தாண்ட மாட்டேன்யா," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் கணக்கு உறைத்தது. இடைவேளைக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம். டவாலிக்கு முட்டிவலி வந்தால் அதுவும் இல்லை. முடி வெட்டுகிறவளுக்குக் கூட்டமாக இருந்தால் அவளுக்காகக் காத்திருப்பு. இந்த வேகத்தில் போனால் இருபத்தைந்தைக் கனவில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் மெலிந்த புத்தகங்களைப் படித்துக் கணக்கை நிரப்பலாமா என்று ஒரு நாள் உட்கார்ந்தாள். கோழிப்பண்ணை வைப்பது எப்படி. இரண்டாவது பக்கத்திலேயே மனசு படகுக்குத் தாவிவிட்டது. மூடி வைத்துவிட்டாள்.

"என்ன, ஞாயித்துக்கிழமை எனக்கு ஓய்வு உறுதிதானா?" என்று கணவன் சீண்டினான்.

"உறுதிதான், போய்த் தூங்குங்க," என்றாள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகும் இத்தனை நிம்மதியாக இருக்க முடியும் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கூண்டின் துணி விலகிய நாளில் வெளியே அடைமழை. கடைக்குள் ஆறேழு பேர். முதலாளி தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, ஓடாத கடிகார முள் மாதிரி அசையாமல் நின்றார். டவாலி மெதுவாகப் படித்தார். படகுக்காரி துணியின் முனையைப் பிடிக்கிறாள். இழுக்கிறாள். உள்ளே ஒரு கோழி. சாதாரணக் கோழி.

"கோழியா!" என்று முடி வெட்டுகிறவள் அலறினாள். "ஒரு கோழிக்கா நாலு மாசமா என் சாப்பாடு ஆறிப்போச்சு?" கடையே அதிர்ந்தது. முதலாளி கண்ணீர் வரச் சிரித்தார். டவாலியும் சிரித்தார். சின்னச் சிரிப்புதான், ஆனால் பவரக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

பிறகு அவர் அடுத்த பக்கத்தைப் படித்தார். அந்தக் கோழியை யார் வளர்த்தது, வெள்ளத்தில் போன வீட்டில் அது மட்டும் எப்படி மிஞ்சியது, அந்த ஆள் ஏன் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. டவாலி நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

வருடக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். பவரக்கா தட்டைப் போடும்போதே சொல்லிவிட்டாள். "பதினொண்ணு. அதுல ஏழு ஏமாத்து வேலை. தோத்துட்டேன்."

"மீதி நாலு?"

பவரக்கா படகுக்காரியிலிருந்து ஆரம்பித்தாள். டவாலி எந்த இடத்தில் எப்படிப் படித்தார், முடி வெட்டுகிறவள் எங்கே கத்தினாள், அந்த ஆள் பொய் சொல்கிறானா இல்லையா என்று எத்தனை நாள் சண்டை நடந்தது, எல்லாம் வந்தது. அவள் முடிக்கும்போது குழம்பு ஆறிவிட்டது. கணவன் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாத்தனார் கையில் எடுத்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் இத்தனை படிச்சிருக்கேன் அண்ணி," என்றாள் பிறகு. "ஒண்ணைப் பத்திக்கூட யார்கிட்டயும் இவ்வளவு நேரம் பேசினதில்ல. படிச்சு முடிச்சதும் மூடி வெச்சுட்டு அடுத்ததை எடுப்பேன். வீட்டுல யார் இருக்கா, பேச?"

"சனிக்கிழமை உனக்கு லீவுதானே?" என்றாள் பவரக்கா. "கடைக்கு வா."

அப்படித்தான் நாத்தனார் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள். அவள் வசதிக்காக வாசிப்பைச் சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றினார்கள். புதிதாக எடுத்தது மலையடிவாரத்து விடுதி ஒன்றை நடத்துகிற அக்கா தங்கை கதை. முன்கூட்டிப் படிக்கக் கூடாது என்ற சட்டத்தை டவாலி முதல் நாளே கோர்ட் உத்தரவு மாதிரி அறிவித்தார். நாத்தனார் தலையாட்டினாள். ஆனால் கடைசி வரி வரை பார்க்காமல் புத்தகத்தைக் கீழே வைத்துப் பழக்கமில்லாதவள் அவள்.

மூன்றாவது சனிக்கிழமை, அக்காவும் தங்கையும் மாடியில் சண்டை போடுகிற இடம். வெறும் வாய்ச்சண்டை, சிரிப்பான இடம்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நாத்தனாரின் கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

டவாலி படிப்பதை நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அழ வேண்டிய இடம் இன்னும் ரெண்டு பக்கம் தள்ளியில்ல இருக்கு? இப்பவே ஏம்மா அழுவுற?"

நாத்தனார் மாட்டிக்கொண்டாள். முகம் சிவக்க, "இதே புத்தகம் தனியா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்," என்று முனகினாள். முதலாளி தண்டனையாக அவளே எல்லோருக்கும் தேநீர் வாங்கி வர வேண்டும் என்றார். அவளும் எழுந்துவிட்டாள்.

பவரக்காதான் கையை நீட்டி மறித்தாள். டவாலியின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, அழ வேண்டிய இடம் ரெண்டு பக்கம் தள்ளி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.  டவாலி மெல்ல எழுந்தார், சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார், நாத்தனாரைப் பார்த்தார்.

"வாம்மா," என்றார். "தேநீரை ரெண்டு பேருமா போய் வாங்கிட்டு வந்துடுவோம்."