மொக்கைச்சாமி தேடிப் பிடித்த ஊர்

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் நடக்கத் தொடங்கி, காடு மலை தாண்டி ஊர் வந்து சேர்ந்தவர் மொக்கைச்சாமி. பெண்டாட்டி ராமுத்தாயும் இளைய மகள் கருத்தம்மாளும் கூட வந்தார்கள். மூத்தவள் வரவில்லை. வழியில் பசியிலேயே போய்விட்டாள். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க மூட்டையில் ஒரு கை அரிசி இல்லாமல் நின்ற மனுசனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்கிறவன் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். எங்கள் தெருவில் அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

சொந்த ஊர் பொட்டிப்புரம். மானம் பார்த்த பூமி, மழை பொய்த்தால் என்ன செய்வது என்று அங்கே தங்கவில்லை. தேனிக்குப் போய்ப் பார்த்தார். சந்தையும் ரயிலும் இருக்கிற ஊரைத்தான் குண்டு போட ஏரோப்ளான் தேடி வரும் என்று திரும்பிவிட்டார். பெரியகுளத்தில் சர்க்கார் ஆபீசுகள்; அதுவும் ஆகாது. கடைசியில் சனீஸ்வரன் கோயில் இருக்கிற எங்கள் குச்சனூருக்கு வந்தார். வாய்க்காலில் இறங்கிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், மலைக்கு ஓடிப்போக வழி கேட்டார். பக்கத்து வீட்டு ஜக்கம்மா சும்மா இருப்பாளா?

"சனிக்குப் பயந்து சனம் இங்கன வந்து கும்பிட்டுட்டு ஓடுது. இவுக ஜப்பான்காரனுக்குப் பயந்து சனிகிட்டயே குடிவந்துட்டாக" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. இனி ஒருத்தரிடமும் கையேந்தாமல் மகளுக்குச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. மேட்டு நிலம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்துச் சோளம் போட்டார். நன்றாகவே விளைந்தது. வீட்டுக்கு ஒரு பானை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் புதைக்கக் கொல்லையில் குழி வெட்டினார்.

"இங்கன மண்ணு ஈரங்க. வீட்டுக்குள்ள ஆளுயர மண் குலுக்கையில கொட்டி வைப்போம்" என்றாள் ராமுத்தாய்.

"ரங்கூன்ல வீட்டுல வச்சதுதான் வீட்டோட எரிஞ்சுச்சே. எங்கய்யா குழியிலதான் வச்சாக. ஒரு மணி கெட்டதில்ல."

அய்யா வைத்தது பொட்டிப்புரத்துக் காய்ந்த மண்ணில். இது வாய்க்கால் பாய்கிற ஊர். மொக்கைச்சாமி அடியில் சோளத்தட்டையைப் பரப்பி, சோளத்தைக் கொட்டி, மேலே சாணமும் மண்ணும் குழைத்து மூடி, அதன்மேல் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். மழை தூறினால் எழுந்து மண்ணை முகர்ந்து பார்ப்பார். திறந்து பார்க்கவும் பயம். காற்றுப் பட்டால் வண்டு விழுந்துவிடுமாம்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வேலைவெட்டி இல்லை. பானையும் காலி. குழியைத் திறந்தபோது வந்த புளித்த நாற்றம் எங்கள் வீடு வரைக்கும் அடித்தது. சோளம் கறுத்து, கட்டி கட்டியாக ஊறிக் கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி நல்ல மணியைத் தேடினார். "ஏதாவது கெடக்கும், இரு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே தேடினார். பார்க்கச் சகிக்கவில்லை.

ராமுத்தாய் சட்டியை எடுத்துக்கொண்டு ஜக்கம்மா வீட்டுப் பக்கம் நடந்தாள். மொக்கைச்சாமி தடுக்கவில்லை, தலையை மட்டும் குனிந்துகொண்டார். கேலி பேசிய அதே ஜக்கம்மா ஒரு வார்த்தை கேட்காமல் சட்டி நிறையக் கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு, தானே தூக்கிக்கொண்டு வந்தாள்.

கருத்தம்மாள் சாப்பிடுவதையே மொக்கைச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா ஆத்தா?" என்று மகளிடம் கேட்டார்.

"போதும்யா."

ரங்கூனை விட்ட நாளிலிருந்து தன் பிள்ளை வாயால் அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை. சேற்றுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு, தெருவே பார்க்க, பெரிய குரலில் அழுதார்.