பரணில் ஒரு ஜோடி

எலிமருந்து வைப்பதுதான் அவன் பிழைப்பு. அதனால் மாவு மில்லில் அவன் பெயரே ‘மருந்து’ என்றாகிவிட்டது. மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்து கொண்டிருந்தான்.

கிடங்குப் பரணில் ஒரு ஜோடி வெண்கூகை ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. பெண் கூகை குஞ்சுகளை அணைத்தபடி கிடக்கும். பொழுது சாய்ந்ததும் ஆண் கூகை எலியோடு வந்து, அதன் அலகில் கொடுத்துவிட்டுத் திரும்பவும் பறக்கும். வேலை முடிந்தாலும் அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான்.

“இங்க மருந்து வேணாம் சார். அதுங்களே எலியைத் தீத்துடும்” என்றான் மேலாளரிடம்.

“சோதனைக்கு வர்றவங்ககிட்ட கூகையைக் காட்டவா? வச்சுட்டுப் போப்பா.”

வைத்தான். பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டுமே.

அடுத்த வாரம் ஆண் கூகை மூட்டைகளின் இடுக்கில் செத்துக் கிடந்தது. அலகோரம் ரத்தம். மருந்து தின்று தள்ளாடும் எலி சுலபமாகச் சிக்கியிருக்கும். பெண் கூகை கரகரவென்று கூப்பிட்டபடி காத்திருந்தது. குஞ்சுகள் பசியில் அலறிய பிறகுதான் இரை தேடப் போனது. அது கொண்டு வந்ததும் அதே கிடங்கு எலிதான்.

அவன் வைத்த மருந்தையெல்லாம் வாரி எடுத்துவிட்டு ஏணி போட்டு ஏறினான். ஒரு குஞ்சுக்குத்தான் மூச்சிருந்தது. தாய் சீறிப் பாய்ந்து அவன் கையைக் கிழித்தது. வீட்டுப் பொறியில் சிக்கிய எலிகளைக் கொண்டு போய் வைத்தும் பார்த்தான். குஞ்சு பிழைக்கவில்லை. விறைத்துப் போனதன் மேல் தாய் சிறகை விரித்து உட்கார்ந்தே இருந்தது.

மருந்தை எடுத்தது தெரிந்ததும் மேலாளர் அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

பல மாதம் கழித்து, மில்லில் மூட்டை தூக்குபவர் வீட்டுக்கு வந்தார்.

“உன் கூகை வேற ஜோடி சேத்துக்கிச்சுப்பா. அதே பரண்தான்.”

அக்கா விடுவாளா? “கேட்டியாடா? வாயில்லாத ஜீவனுக்கே புரியுது. நீ இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே இருப்ப?”

“அதுக்கு ஒரு குஞ்சும் மிஞ்சலக்கா” என்றான்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் வந்தவரிடம் கேட்டான்: “இப்ப மருந்து யாருண்ணே வைக்கிறா?”

“புதுசா ஒருத்தன். மூலை விடாம வைக்கிறான்.”