வெறுங்கையில் பிடித்த பந்து

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் பந்து எறிகிறேன் என்றுதான் சொல்வேன். பதினோரு வருடமாக அதற்குத்தான் சம்பளம். திருப்பூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்; ஆக்லாந்திலும் பெரிய வித்தியாசமில்லை. ஆக்லாந்தின் ஓரத்தில், தகனினியில் நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எலெக்ட்ரீஷியன். முதல் நாளே கேட்டுவிட்டார்.

"தம்பி, உண்மையாவே உந்த பேஸ்போலுக்குக் காசு குடுக்கிறாங்களோ?"

"குடுக்கிறாங்கண்ணே. வாடகை தர்ற அளவுக்கு."

"அப்ப சரி" என்று சாவியைக் கொடுத்தார்.

நான் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். கல்லூரியில் ஒரு நாள் எல்லைக் கோட்டிலிருந்து நான் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டது. அதைப் பார்த்த பி.டி. மாஸ்டர், "பேஸ்பாலுக்கு வாடா, அங்க ஆளே இல்ல" என்று இழுத்துக்கொண்டு போனார். ஆளே இல்லை என்பதுதான் என் வாழ்க்கையில் எனக்கிருந்த பெரிய தகுதி. அதை வைத்தே மாநில அணி, இந்திய அணி, பிறகு இரண்டு நாடுகளில் யாரும் கேள்விப்படாத ஊர்களின் அணிகள். கடைசியில் முப்பத்து மூன்று வயதில் ஆக்லாந்து, ஒரே ஒரு கோடைக்கு ஒப்பந்தம்.

வெளிநாட்டில் விளையாடுகிறான் என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். விளையாட்டாம். காலையில் நான் எழுந்தாலும் என் தோள் எழாது. உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைத் தோளில் கட்டிக்கொண்டுதான் பல் தேய்ப்பேன். வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ஊரான பாபகூராவில் ரயில் ஏறி, நகரத்தில் பஸ் மாறி, பாலம் தாண்டி கிளென்ஃபீல்டுக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எறியச் சொல்லித்தர வேண்டும். அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தது. மிச்ச நாளெல்லாம் பயிற்சி, ஆட்டம். உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கோடையில் எனக்குப் பந்தைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது.

ஆனாலும் எறிந்தேன். மனைவியும் எட்டு வயது மகளும் திருப்பூரில் இருந்தார்கள். மகள் பிறந்ததிலிருந்து எல்லா லீவையும் கூட்டிப் பார்த்தால் மூன்று வருடம்கூட நான் அவளோடு இருந்திருக்க மாட்டேன். இப்போது கோச் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: அடுத்து இரண்டு வருட ஒப்பந்தம் தரலாம் என்றிருக்கிறோம், திங்கள்கிழமை உட்கார்ந்து பேசுவோம். இரண்டு வருடம் கிடைத்தால் விசா கிடைக்கும். விசா கிடைத்தால் அவர்கள் இருவரும் இங்கே வந்துவிடலாம், பிப்ரவரியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது மகளைச் சேர்த்துவிடலாம். "கையெழுத்து ஆகட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று மனைவியிடம் சொல்லி வைத்தேன். திங்களுக்கு முன்னால் ஒரே ஓர் ஆட்டம் பாக்கி, சனிக்கிழமை.

பேஸ்பாலில் என்னைப் போல எறிகிறவன் இடது கையில் பெரிய தோல் கிளவுஸ் போட்டிருப்பான். எந்தப் பந்தானாலும் அதில்தான் பிடிக்க வேண்டும். எறிகிற வலது கையை நீட்டவே கூடாது, அதுதான் அவனுக்குச் சோறு போடுகிற கை. எட்டாவிட்டால் விட்டுவிடு, பின்னால் ஆள் இருக்கிறான் என்பார்கள். கிரிக்கெட் ஆடிய கைக்கு இது ஏறாது. வந்த முதல் மாதம் கோச் என் வலது கையைத் துண்டால் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு, என்னை நோக்கித் தினமும் நூறு பந்து அடித்தார். சர்க்கஸ் குரங்கு மாதிரி குதித்துக் குதித்துப் பழகினேன். பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை, ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் நன்றாகவே போனது. லேசான தூறல். நான் எறிந்த பந்தை எதிரே நின்ற தடியன் ஓங்கி அடித்தான். அது என் தலைக்கு வலப்பக்கமாகத் திரும்பி வந்தது. யோசிக்கவே நேரமில்லை, வலது கை தானாக மேலே போய்விட்டது. பிடித்துவிட்டேன். அவன் அவுட். ஒரு நொடி எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், எத்தனையோ மாதமாக வராத சந்தோஷம். கிரிக்கெட்டாக இருந்தால் பத்துப் பேரும் ஓடிவந்து மேலே விழுந்திருப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை. கோச் மட்டும் மெதுவாக நடந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நடுவிரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வலித்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு இடத்தில் முறிவு, கம்பி வைக்க வேண்டும், பந்தைத் தொட மூன்று மாதமாவது ஆகும் என்றார் டாக்டர். திங்கள்கிழமை பேசுவதாகச் சொன்னீர்களே என்று கோச்சிடம் கேட்டேன். முதலில் கை ஆறட்டும் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். பதினோரு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அந்தத் தட்டலின் அர்த்தம் தெரியும். இன்னொரு அணியில் இன்னொருவன் முதுகில் அதே மாதிரி தட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் வேனில் வந்து கூட்டிப் போனார். மோட்டார்வேயில் ஏறியதும், "ஏன் தம்பி, அதை விட்டிருக்கலாமெல்லே?" என்றார்.

"கை தானா போயிருச்சுண்ணே."

"ஓம், போகும்தான். நானெண்டாலும் பிடிச்சிருப்பன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அறைக்கு வந்ததும் மனைவியை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். கையில் போட்டிருந்த கட்டைக் காட்டாமல் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, விஷயத்தை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

"ஏனுங்க, போன் ஏன் இந்த ஆட்டம் ஆடுது? வலது கை எங்கீங்க? காட்டுங்க."

காட்டினேன். கோச் முதுகில் தட்டியது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பந்தைப் புடிச்சீங்களா?"

"புடிச்சேன்."

"செரி" என்றாள்.

"பாப்பா எங்கே?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்லியும் கேக்காம நேத்தே ஸ்கூல்ல டி.சி. வாங்கிட்டேனுங்க. அப்பா இருக்கற ஊருக்குப் போறேன்னு ஃபிரெண்டுங்க வீட்டுக்கெல்லாம் சாக்லேட் குடுக்கப் போயிருக்கறா. போனை வெச்சிராதீங்க, இப்ப வந்துருவா. நீங்களே சொல்லிருங்க, என்னால ஆகாதுங்க."

வைக்கவில்லை. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்க ஓடிவந்து அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, உங்களுக்கு ரெண்டு சாக்லேட் மிச்சம் வெச்சிருக்கேன்" என்றாள். "வர்றப்ப கொண்டாறேன்."