கம்பளி சுற்றிய குச்சி

கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் லோர்னா ஃப்ரீசன் பாட்டு டீச்சர். அவள் வகுப்பில் நாற்காலி கிடையாது. பிள்ளைகள் பனிக்காலணிகளை வாசலில் உதறிவிட்டுக் காலுறையோடு ஓடி வருவார்கள். தாளத்தை முதலில் குதித்துப் பார்ப்பார்கள், பிறகு தொடையில் தட்டுவார்கள், அப்புறம்தான் மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் சைலபோன். "இந்த ரூம்ல தப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்று வருஷா வருஷம் சொல்லுவாள். பாதிதான் உண்மை. மற்றவற்றோடு ஒட்டாத சுரங்களின் மரக்கட்டைகளை அவளே முன்கூட்டிக் கழற்றி வைத்துவிடுவாள். மிச்சத்தில் எதைத் தட்டினாலும் இனிமையாகத்தான் இருக்கும்.

அந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டவள் மாரிபெல் டிசோன். குதியாட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. குச்சியைக் கையில் கொடுத்தால் மட்டும், எல்லோரும் தட்டி முடித்த பிறகு தனியாக ஒரு 'டொக்' வரும். சுரத்தைக் கழற்றலாம், தாளத்தைக் கழற்ற முடியுமா? லோர்னா அவளுடைய கட்டைகளைக் குறைத்துக் குறைத்து இரண்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்போதும் டொக்.

வசந்த விழா வந்தது. பெற்றோர் முன்னால் மானம் போகக் கூடாதே என்று, லோர்னா மாரிபெல்லின் குச்சித் தலையில், தட்டினால் சத்தம் எழும்பாதபடி, கம்பளி நூலை எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுற்றினாள்.

"இது உனக்குன்னே செஞ்ச குச்சி, கண்ணு."

மாரிபெல் வாங்கிக்கொண்டாள். நம்பிவிட்டாள் என்று லோர்னா நினைத்தாள்.

விழா ஜோராக நடந்தது. முதியோர் இல்லத்து வேலை உடுப்போடு நேரே வந்திருந்த மாரிபெல்லின் அம்மா ரோசலி, முன்வரிசையில் நின்று போனில் படம் பிடித்தாள். முடிந்ததும் லோர்னாவைத் தேடி வந்தாள்.

"டீச்சர், இதை மணிலாவுல இவ அப்பாவுக்கு அனுப்பணும். எங்க பொண்ணு தட்டுற சத்தம் இதுல எது? காதுல வெச்சு வெச்சுப் பாக்கறேன், பிடிபடவே மாட்டேங்குது."

"அடியில மெத்துன்னு ஒண்ணு கேக்குது பாருங்க, அதான்." கூசாமல் வந்தது பொய்.

ரோசலி மறுபடி போனைக் காதில் வைத்தாள். "ஆமா டீச்சர், கேக்குது கேக்குது" என்று சிரித்தாள். லோர்னாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு அதே நினைப்புதான். ஒரு குழந்தையின் வாயைப் பொத்திவிட்டு அதற்குப் பாட்டு வகுப்பு என்று பெயர் வைத்திருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை முதல் வேலையாகக் கம்பளியை உரித்து எறிந்தாள். மாரிபெல்லின் சைலபோனில் எல்லாக் கட்டைகளையும் திரும்ப மாட்டினாள். டொக்கென்றால் டொக், பள்ளிக்கூடமே கேட்கட்டும்.

மாரிபெல் வந்து உட்கார்ந்தாள். கட்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்தில் அடுக்கினாள், இரண்டு மட்டும் மிஞ்சும்வரை. பிறகு தன் காலுறை ஒன்றைக் கழற்றிக் குச்சியின் தலையில் இறுக்கி மாட்டினாள்.

"ஏன்டா கண்ணு?"

"என் சத்தம் கேட்டாத்தானே தப்பு, டீச்சர்" என்றாள் மாரிபெல்.