கசடு மேட்டில் கேட்கப்பட்ட ஜெபம்

எழுபத்திரண்டாம் ஆண்டு புரட்டாசியில் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. சண்டை எதுவும் இல்லை. என் தகப்பனார் வேலையிலிருந்து வருவார், கை கால் கழுவுவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அம்மா சோற்றை வைத்துவிட்டு அடுப்பண்டை திரும்பிவிடுவாள். 

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும் துணிவு எனக்கு இல்லை. கல்லூரி விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுவது எளிதாக இருக்கிறது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத முயல்கிறேன். கர்த்தர் செய்த காரியத்துக்கு என்னுடைய அலங்காரம் தேவையில்லை.

எங்கள் குடும்பம் புதுவாயலுக்கு அருகே ஒரு சேரியில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கூலி வேலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் எழும்பத் தொடங்கியபோது, இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில் நைனா வேலைக்குச் சேர்ந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் அழைப்போம். ஊரார் அவரைத் தானியேல் என்பார்கள்.

அந்த ஆண்டுகள் எனக்கு வாசனையாகவே நினைவிருக்கின்றன. நைனாவின் சட்டையில் கருகிய மண்ணின் வாசனை எப்போதும் இருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. தீப்பொறி பட்டுச் சட்டை முழுவதும் சிறு ஓட்டைகள். விளக்குக்கு நேரே அதைப் பிடித்து, "நட்சத்திரம் பாரு பாப்பா" என்று நைனா எனக்குக் காட்டுவார். காலையில் ஆலைச் சங்கு ஊதும்போது சைக்கிள்கள் சாரிசாரியாய்ப் போகும். தூரத்தில் கரியில் ஓடும் ரயில் வண்டி புகைவிட்டுக்கொண்டு சென்னைக்குப் போகும். அந்த வண்டியில் நான் ஒருநாள் படிக்கப் போவேன் என்று நைனா சொல்லுவார். அப்போது எனக்கு அது விளையாட்டுப் பேச்சு.

ஆலையில் அவர் வேலை உலைக்கு முன்னால். உருகிய இரும்பை ஒரு பெரிய இரும்பு வாளியில் பிடித்து, இரு பக்கமும் நீண்ட கைப்பிடிகளைத் தாங்கி, இரண்டு பேர் அச்சுகளுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் கால் இடறினால் இருவருக்கும் உயிர் போகும். நைனாவுக்கு எதிர்ப்பிடி பிடித்தவர் முனுசாமி. ஊருக்குள் இருந்து வருபவர், எங்கள் சாதி அல்ல.

உலையில் வேலை செய்பவர்களுக்கு ஆலையிலிருந்து உப்புப் போட்ட மோர் கொடுப்பார்கள். இரும்பு ஊற்றி முடிந்ததும் கேனில் வரும். அதை யார் ஊற்றுவது என்பதில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வார்ப்பை முன்னின்று நடத்தியவரே ஊற்றுவார். அன்று யார் அனலுக்கு மிக அருகில் நின்றார், யார் முகம் அதிகம் வெந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அந்த வரிசைப்படியே மோர். பல ஆண்டுகளாக அது நைனாவின் கையில்தான் இருந்தது. அதை ஒரு பெருமையாக யாரும் எண்ணியதில்லை.

பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றார். அடுத்தவர் நைனாதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த கோபால் என்பவரை மேஸ்திரி ஆக்கினார்கள். கோபால் மேனேஜரின் சாதிக்காரர். இது முதல் முறையும் அல்ல. முன்பு ஒருமுறையும் இப்படியே தள்ளிவிட்டிருந்தார்கள். அப்போது நைனா பேசாமல் இருந்துவிட்டார். இந்த முறை மேனேஜரின் அறைக்குப் போய்க் கேட்டார். அங்கே மேனேஜர் சொன்னதையும் தாம் கேட்டதையும் அன்று மாலை அம்மாவிடம் சொன்னார்.

"ஆயுத பூஜைக்கு மேஸ்திரி கையாலதான் பொரி குடுக்கணும். உன் கையால எவன் வாங்குவான்? நானா சொல்றேன், ஆளுங்க சொல்றாங்க. அதும் இல்லாம நீ கிறிஸ்டியன் வேற."

"கற்பூரம் வேற யாருனா காட்டட்டும் சார், நான் தள்ளி நின்னுக்கறேன். இரும்பு ஊத்தறதுக்கும் அதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

"இன்னா, கேள்வி கேக்கிற அளவுக்கு வந்துட்டியா?"

நைனா தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டார். சாதியின் பேரில் தமக்கு மேஸ்திரி பதவி மறுக்கப்படுகிறது என்று நேராகவே எழுதினார். அந்த வாரமே அவரை உலையிலிருந்து எடுத்துக் கசடு மேட்டில் போட்டார்கள். உலையில் கழித்த கசடைக் கொட்டி, உடைத்து, லாரியில் அள்ளிப் போடும் இடம் அது. சாலையோரக் கம்பி வேலியை ஒட்டி இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கலாம். பார்க்கட்டும் என்றுதான் அங்கே நிறுத்தினார்கள். மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை என்று ஒரு மெமோவும் வந்தது. அடுத்த மெமோ வந்தால் வேலை போய்விடும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பெண்கள் கூடி உபவாச ஜெபம் செய்வார்கள். அன்று பக்கத்து வீட்டு எஸ்தர் பெரியம்மா அம்மாவிடம் சொன்னாள்: "மனுவ வாபஸ் வாங்கச் சொல்லு சாராளு. பெரிய எடத்துல மோதிக்கினு நம்மால நிக்க முடியுமா? அவரு மனசு அப்படி மாறணும்னு ஜெபம் பண்ணலாம்."

அம்மா பாயை விரித்துப் போட்டாள். பிறகு, "அதுக்கு ஜெபம் பண்ண எனுக்கு வாய் வரலக்கா" என்றாள்.

அவள் வேறு விதமாகத்தான் ஜெபித்தாள். "ஆண்டவரே, மேஸ்திரி வேல குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. இந்த மனுசன் தல நிமிந்து ஊட்டுக்கு வரணும். அத மட்டும் குடுத்துடு."

நான் அம்மாவைவிட அதிகமாகக் கேட்டேன். மேஸ்திரி வேலையே வேண்டும் என்று கேட்டேன்.

காலாண்டுத் தேர்வு விடுமுறை வந்தது. நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை எனக்கு. ஒருநாள் வேலிக்கு வெளியே தூக்குச்சட்டியுடன் நின்றிருந்தேன். மேனேஜருடன் புதிதாக ஒருவர் நடந்து வந்தார். கையில் குடை, நெற்றியில் பளிச்சென்று நாமம். திருவள்ளூரில் கோயில் காரியம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று பின்னால் அறிந்தேன். மனுவை விசாரிக்க வந்த அதிகாரி அவர்தான். அந்த நாமத்தைப் பார்த்ததும் எனக்கு இருந்த நம்பிக்கையும் போயிற்று.

"எனக்கு வித்தியாசம் எதுவும் இல்லை சார்," என்று மேனேஜர் சொல்லிக்கொண்டு வந்தார். "ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. இவன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. அப்புறம் இவன் சொல்ற வேலையை எப்படிச் செய்வாங்க?"

அவர் சொன்னதை அவரே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். இரும்பு ஊற்றும் நேரத்தில் அனலுக்குப் பயந்து அவர் உலைக் கொட்டகைப் பக்கமே வந்ததில்லை.

அப்போது கொட்டகையிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். முன்னால் முனுசாமி, கையில் மோர்க் கேன். பின்னால் தலைத்துண்டு கட்டிய ஏழெட்டுப் பேர். வெயிலில் முற்றத்தைக் கடந்து நேராகக் கசடு மேட்டுக்கு வந்தார்கள். நைனாவை அங்கே மாற்றிய நாள் முதல் அவர்கள் இப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள். நைனா அதை வீட்டில் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாது.

"ஊத்துண்ணே, நாக்கு ஒட்டிக்கினு கீது," என்றார் முனுசாமி.

நைனா அதிகாரியைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். கேனைத் தொடவில்லை.

"அவங்க நிக்கறாங்க. அப்புறமா குடிக்கலாம் போடா."

"அவங்க நிக்கட்டும்ணே. அவங்களுக்கு இன்னா, குடை கீது."

யாரோ சிரித்தார்கள். நைனா கை கழுவிக்கொண்டு கேனைச் சாய்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒருவரை முன்னே அழைத்து, மற்றொருவரை நிறுத்தி ஊற்றினார். ஒரே குவளை கை மாறிக்கொண்டிருந்தது.

அதிகாரி முனுசாமியை அழைத்தார். "ஏம்பா, உள்ள ஊத்த ஆள் இல்லையா?"

"ஆள் கீறாரு சார். புது மேஸ்திரி ஊத்தறாரு. யாருக்கு மொதல்ல ஊத்தணும்னு அவுருக்குத் தெரியல."

"இவர் கையால வாங்கிக் குடிக்கிறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா?"

முனுசாமி வாயைத் துடைத்துக்கொண்டார். "கொதிக்கிற இரும்ப இவுரு கைய நம்பித் தூக்கினு போறோம் சார். மோர் குடிக்க மாட்டமா?"



அந்த அதிகாரியும் ஒரு குவளை மோர் வாங்கிக் குடித்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும். அவர் குடிக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு, கடைசி ஆள் குடித்து முடிக்கும்வரை வெயிலில் நின்று பார்த்தார். பிறகு போய்விட்டார். அது போதுமானதாக இருந்தது.

அன்று மாலை நைனா வீட்டுக்கு வரும்போது அம்மா தெருவிலேயே நின்றிருந்தாள். நான் ஓடிப்போய் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் நடந்து வருவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. நான் கேட்டதற்கு நான் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த அதிகாரியின் அறிக்கைக்குப் பிறகு மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். நைனா உலைக்குத் திரும்பினார். பொங்கல் கழிந்து, இரண்டாவது ஷிப்டுக்கு அவரை மேஸ்திரி ஆக்கினார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு முனுசாமி தேங்காய் உடைத்தார். நைனா தள்ளி நின்றார், பிறகு பொரி கொடுத்தார். ஒரு பெரியவர் மட்டும் கை நீட்டாமல் காகிதத்தை நீட்டினாராம். நைனா காகிதத்தில் போட்டாராம். இதையும் சொன்னால்தான் என் சாட்சி உண்மையாக இருக்கும்.

இப்போது நான் சென்னையில் இலக்கியம் படிக்கிறேன். விடுமுறைக்கு வண்டி ஏறும்போதெல்லாம் அந்த நாட்களுக்கே திரும்பிப் போவதுபோல் மனம் இளகுகிறது. அன்று அவ்வளவு பயந்த நாட்கள்தாம். ஆயினும் கர்த்தர் எங்களுக்கு மிக அருகில் இருந்த நாட்களும் அவையே.

எல்லாவற்றையும்விட ஒரு வெள்ளிக்கிழமை என்னை மாற்றியது. நைனா உலைக்குத் திரும்பிய வாரம். நன்றி ஜெபத்துக்கு எல்லோரும் கூடியிருந்தோம். அம்மா கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள், முனுசாமிக்காக ஜெபித்தாள், அதிகாரிக்காக ஜெபித்தாள். பிறகு சற்று நிறுத்தி, மேனேஜருடைய பெயரைச் சொல்லி, அவர் குடும்பத்தை ஆசீர்வதிக்கும்படி கேட்டாள். எஸ்தர் பெரியம்மாவே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். எல்லோரும் ஆமென் சொன்னோம். நைனா சொல்லவில்லை. பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழத் தொடங்கிய பிறகு, மெதுவாக, யாருக்கும் கேட்க வேண்டாம் என்பதுபோல், "ஆமென்" என்றார்.

பிரியமானவர்களே, வேலை செய்யும் இடத்தில் பிறப்பைச் சொல்லி உங்களைத் தாழ்த்தியிருக்கலாம். நியாயம் கேட்டதற்காக உங்களை இன்னும் கீழே தள்ளியிருக்கலாம். மனுவை எழுதுங்கள், கேள்வியைக் கேளுங்கள், கர்த்தரிடமும் கேளுங்கள். அவர் யாரைக் கொண்டு பதில் தருவார் என்று முன்கூட்டித் தெரியாது. சில ஜெபங்களுக்கு ஆமென் சொல்ல உங்களுக்கு நேரம் ஆகலாம். ஆகட்டும். எங்கள் நைனாவுக்காகக் காத்திருந்தவர் உங்களுக்காகவும் காத்திருப்பார்.