கேள்விக்குறியோடு இருந்த குப்பி

செவ்வாய்க்கிழமை காலை சிலமலையில் போடி பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா மதினி போனில் கூப்பிட்டார். "தம்பி, இனிமே வெரசா வரவேணாம். அண்ணன் போயிட்டாக" என்றார். சேவியர் அண்ணனைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். பஸ் வந்தது, ஏறினேன், உட்கார இடமும் கிடைத்தது. அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேவியர் அவர்கள் போடி ஏலக்காய்க் கடை வீட்டுப் பிள்ளை. ஆழ்கடல் புழுக்களை இனம் பிரிப்பது அவர் வேலை. ஒரே ஆய்வுக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். வெயில் எட்டாத கடலடியில், தரை பிளந்து கொதிநீர் பீறிடும் இடங்களில் குழாய்ப்புழுக்கள் கூட்டமாக நிற்கும். வாய் கிடையாது, குடல் கிடையாது. உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் அவற்றுக்குச் சோறு போடுகிறது. "சும்மா உக்காந்து திங்கிற எங்க சித்தப்பாவுக்கே வாய் இருக்கு அப்பு" என்பார்.

முதல் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த புழுக்களை அவர்தான் பிரித்தார். ஏலக்காயைச் சலித்து, பெரிசு ஒரு குவியல், சிறிசு ஒரு குவியல் என்று வளர்ந்த கை. பெரியவை ஓர் இனம், சிறியவை வேறு இனம் என்று கட்டுரையே எழுதிவிட்டார். மரபணுவைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. சிறியவை இளசுகள். யாரும் கேட்கும் முன்பே தம் தவறை எழுதி அனுப்பினார். "காயைச் சலிச்ச மாதிரி புழுவையும் சலிச்சுப்புட்டேன்" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பல வருடம் கழித்து வேறோர் இடத்திலிருந்து ஒரே ஒரு குப்பி வந்தது. உள்ளே மூன்று புழுக்கள். தலையிலிருக்கும் இறகுக் கொத்தின் அடுக்கு வேறாக இருந்தது. "இது புதுசு" என்றார். நான்தான் கெடுத்தேன். "இன்னும் மாதிரி வரட்டும்ணே. திரும்பவும் பேர் கெட வேணாம்" என்றேன். புழு கெடாமலிருக்க ஊற்றும் ஸ்பிரிட்டில் மை கரையும், பென்சில் கரையாது. பென்சிலால் ஒரு சீட்டில் "புதிய இனம்?" என்று எழுதி உள்ளே போட்டு மூடினார்.

கப்பல் மறுபடி அங்கே போவதற்குள் நாங்கள் இருவருமே ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டோம். அவருக்கு நுரையீரலும் கெட்டுவிட்டது. புதிய மாதிரிகளின் மரபணு முடிவு, அவர் சொன்னதே சரி என்றது. படுக்கையில் இருந்தபடியே கட்டுரையை முடித்து ஆய்விதழுக்கு அனுப்பினார். அதன்பின் நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"பதில் வந்துச்சா அப்பு?"

"இன்னும் இல்லண்ணே."

கடைசி முறை, "உன்னையக் கொறை சொல்லல. நானும் பயந்துட்டேன்ல" என்றார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் பதில் வந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அண்ணன் இதைப் பார்த்திருப்பார்.

நேற்று ரயிலேறி ஆய்வுக்கூடம் போனேன். குப்பியிலிருந்து பழைய சீட்டை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதன் பக்கத்திலேயே இன்னொரு சீட்டை வைத்தேன். "புதிய இனம். கண்டவர் சேவியர்" என்று பென்சிலால் எழுதியிருந்தேன். மூடியைத் திருகிவிட்டு, "பதில் வந்துருச்சுண்ணே, போயிட்டு வாங்க" என்றேன்.